ஓரத்துக்கு நகர்ந்த படம்

வடவள்ளி மருதம் ரெசிடென்சியில் எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள முன்பெல்லாம் கோகிலவாணி கொஞ்சம் உழைக்க வேண்டியிருந்தது. கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் கதவைத் தட்ட வேண்டும். லிஃப்ட் அருகே எதையோ மறந்தவள் போல, யாராவது வரும்வரை நிற்க வேண்டும். சுவர்ப் பலகைகள் வந்த பிறகு அந்தச் சிரமமெல்லாம் தீர்ந்தது. ஒவ்வொரு வாசலிலும் காலிங் பெல்லுக்குப் பக்கத்தில் ஒரு பலகை. அதில் அந்தந்த வீட்டார் தாங்களே கோத்துச் செய்த நினைவுப் பக்கம். பிள்ளையின் பட்டமளிப்பு, மருமகளின் வளைகாப்பு, மூணாறு போய்க் குளிரில் நடுங்கியது, எல்லாம் பூவும் சரிகையும் ஒட்டி, தலைப்பு எழுதி, வருவோர் போவோர் பார்ப்பதற்கு. பார்ப்பதற்குத்தானே மாட்டியிருக்கிறார்கள்? கோகிலவாணி பார்த்தாள். மூட்டுக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டு, ஏழு தளமும் படியேறிப் பார்த்தாள்.

இந்த வித்தையைக் குடியிருப்புக்குக் கொண்டுவந்தவள் இரண்டாம் தளத்து பெனாசிர். பலகை செய்கிற கம்பெனியில் அவளுக்கு வேலை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் கிளப் ஹவுஸில் பெண்களுக்கு வகுப்பு எடுத்தாள். டிஜிட்டல் ஸ்கிராப் புக் என்று அறிவிப்பு ஒட்டியதைப் பார்த்துவிட்டு, ஒரு காலத்தில் பட்டறை வைத்திருந்த நாலைந்து பெரியவர்கள் பழைய இரும்பு சமாச்சாரம் என்று நினைத்து வந்து உட்கார்ந்து, டீ மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள்.

புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு பெனாசிர் சொன்னது எளிதுதான். போனில் இருக்கிற அத்தனை படத்தையும் கொண்டுவந்து கொட்டாதீர்கள், ஒரே ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நாளில் முக்கியமான ஆட்களை மட்டும் படத்திலிருந்து கத்தரியுங்கள். விரலால் சுற்றி ஒரு கோடு போட்டால் பலகையே கத்தரித்துக் கொடுக்கும். யார் அந்த நாளுக்கு உயிரோ அவரை நடுவில் ஒட்டுங்கள், மற்றவர்களைச் சுற்றி. பின்னணிக்கு ஒரு காகிதம் போதும். நீங்கள் பேசுகிற பேச்சிலேயே ஒரு வரி எழுதுங்கள். கொஞ்சம் இடம் சும்மா கிடக்கட்டும்.

கடைசியாகச் சொன்னதை மட்டும் ஒருத்தியும் காதில் வாங்கவில்லை. சும்மா கிடக்கிற இடத்தைப் பார்த்தால் அவர்களுக்குக் கை அரித்தது. நாலு ஓரமும் மல்லிகைச் சரம், மூலைக்கு மூலை மயில். ஐந்தாம் தளத்து ஹேமலதா கணவரின் பதவி உயர்வுக்காகச் செய்த பக்கத்தில் பெய்த ரோஜா மழையில் கணவரையே காணோம்.

கோகிலவாணி செய்த முதல் பக்கம் அதே ஹேமலதா வீட்டுக் கிரகப்பிரவேசம்.

"ஏனுங்க்கா, இது அவிய வீட்டு விசேஷமில்லீங்களா?" என்றாள் பெனாசிர். "இதுல நீங்க எங்க இருக்கறீங்க?"

"படம் புடிச்சது நாந்தான் கண்ணு."

"உங்கூட்டு நாள் ஒண்ணு எடுங்க்கா."

அப்படி எடுத்ததுதான் பேத்தி பனிமலரின் காதுகுத்து. கோகிலவாணிக்கு ஒரே மகள் சஹானா. சரவணம்பட்டியில் மாப்பிள்ளை நவநீதன், குழந்தை, மாமியார் வசந்தாமணி ஆகியோரோடு இருக்கிறாள். மாமனார் பல்லடத்தில் தோப்பைக் கட்டிக்கொண்டு அழுகிறவர், விசேஷத்துக்கு மட்டும் தலைகாட்டுவார். காதுகுத்து அன்றைக்குக் கோகிலவாணி பந்தி பக்கம்தான் நின்றுகொண்டிருந்தாள். கணவர் இறந்த இந்த மூன்று வருஷமாக அவளுக்கு எல்லா விசேஷத்திலும் பந்தி பக்கம்தான். யாரும் போகச் சொல்லவில்லை, அவளாகப் போய்விடுவாள். சஹானாதான் கையைப் பிடித்து இழுத்துவந்து, சீர்த்தட்டு வைத்திருந்த பெண்களுக்கு நடுவில் நிறுத்தினாள். அந்த நொடியில் எடுத்த படம்.

அதிலிருந்து ஒவ்வொருவராகக் கத்தரித்தாள். தாய்மாமன் முறைக்கு மடியில் வைத்துக்கொண்ட கொழுந்தனார் மகன், மடியில் அலறும் பனிமலர், பட்டுச் சேலையில் சஹானா, பக்கத்தில் நவநீதன், உள்ளங்கை அகலக் குங்குமத்தோடு வசந்தாமணி, பிறகு தான். பின்னால் ஒரு வாழை மரம். பெனாசிர் பக்கத்தில் நின்று ஏற்பாடு செய்ததில் கோகிலவாணி நடுவில் வந்து நின்றாள். 'எங்க பனிக்குக் காது குத்தியாச்சு' என்று தலைப்பு. அது சஹானா வீட்டு ஹாலில், கட்டில் அகலப் பலகையில் போய் ஏறியது.

ஒவ்வொரு சனிக்கிழமையும் கோகிலவாணி சரவணம்பட்டிக்குப் போவாள். ஆளில்லாமல் ஓடுகிற டவுன் பஸ்ஸில் உட்கார்ந்து, திட்டுவதற்கு டிரைவர்கூட இல்லாமல் போய்ச் சேர்வாள். ஹாலுக்குள் நுழைந்ததும் முதல் வேலை பலகையைப் பார்ப்பது. ஆவணியில் ஒருநாள் தன் உருவம் கொஞ்சம் தள்ளி நிற்பது போலத் தோன்றியது. கண்ணாடி போடாமல் வந்ததால் என்று விட்டுவிட்டாள். புரட்டாசியில் கண்ணாடி போட்டுக்கொண்டே பார்த்தாள். வசந்தாமணிக்கு இந்தப் பக்கம் இருந்தவள் அந்தப் பக்கம் போயிருந்தாள். ஐப்பசியில் பாதி உடம்பு வாழை மரத்துக்குப் பின்னால். கார்த்திகையில் சேலைத் தலைப்பு மட்டும் தெரிந்தது. அடுத்த வாரம் அதுவும் இல்லை. வாழை மட்டும் ஒரு இலை கூடுதலாக விட்டிருந்தது.

வேறு சமயமாக இருந்தால் இதையும் ஒரு கதையாக ஏழு தளத்துக்கும் சொல்லிச் சிரித்திருப்பாள். ஆனால் மருதம் ரெசிடென்சி வீட்டை விற்றாகிவிட்டது. தை பிறந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டு மகள் வீட்டோடு போய் இருப்பதாக ஏற்பாடு. "அம்மா தனியா இருக்கக்கூடாதுன்னு மகளும் மாப்பிள்ளையும் ஒத்தக்கால்ல நிக்கறாங்க" என்று லிஃப்ட்டில் ஏறியவர்கள், ஏறாதவர்கள் எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது. போகப்போகிற வீட்டின் சுவரே தன்னை வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறது என்றால் இனி எங்கே போவது?

சஹானாவிடம் கேட்டாள். அந்தப் பக்கத்தைத் தான் நிமிர்ந்து பார்த்தே மாதக் கணக்காகிறது, கம்பெனி வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, யாரும் கை வைத்திருக்க மாட்டார்கள் என்றாள். அவள் சொன்னதில் 'யாரும்' என்ற சொல்லைக் கோகிலவாணி வீடு திரும்பும்வரை மென்றுகொண்டே வந்தாள். அந்த வீட்டில் வேலைவெட்டி இல்லாமல் ஹாலில் உட்கார்ந்திருப்பது ஒரே ஒரு ஆள். முழங்கால் வலி என்று சோபாவை விட்டு இறங்காதவள். ஒரு சமையலறையில் இரண்டு சம்பந்திகள் என்றால் யாருக்கு வயிறு எரியும்? கோகிலவாணிக்கு விடை உடனே கிடைத்துவிட்டது. நிரூபணம் மட்டும்தான் பாக்கி.

செவ்வாய்க்கிழமை வகுப்பு முடிந்ததும் பெனாசிரைப் பிடித்தாள்.

"கண்ணு, ஒரு பக்கத்துல ஒட்டுன ஆளை இன்னொருத்தர் எடுக்க முடியுமா?"

"நீங்க செஞ்ச பக்கம்னா உங்க விரல் வேணுமுங்க்கா. ஏனுங்?"

கோகிலவாணி சொன்னாள். பெனாசிர் முதலில் சிரித்தாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"யாரும் எடுக்கலீங்க்கா. பலகைதான் எடுத்திருக்குது. முன்னாடி நிக்கறவிய கண்ணை அது பாக்குமுங்க. எந்த ஆள் மேல கண்ணு நிக்குது, எந்த ஆளைப் பார்த்தா கண்ணு விலகுது, மொகம் சுண்டுது, மூச்சு மாறுது, எல்லாம் அதுக்குத் தெரியும். நெம்ப நாளைக்கு ஒரே ஆளைப் பார்த்து கண்ணு சுளிச்சுட்டே இருந்துச்சுன்னா, அந்த ஆளைக் கொஞ்சங் கொஞ்சமா ஓரங்கட்டும். கண்ணு நின்னு பாக்கற ஆளைப் பெருசாக்கும்."

"எவன் கேட்டான் அதை?"

"நல்லதுக்குன்னுதான் வெச்சாங்க. துக்கம் நடந்த ஊடு, அறுத்துக்கிட்டுப் போன சொந்தம், இதெல்லாம் பார்த்த ஒடனே வயித்தைக் கலக்குற படம். அது கண்ணு முன்னாடி நிக்க வேண்டாம்னு. பலகை வாங்கறப்ப சரின்னு அழுத்துனீங்கள்ல, அதுல இருக்குது."

"அதைப் படிச்சவ யாரு?"

"நானே படிக்கலீங்க்கா. வேலைக்குச் சேர்ந்தப்பறந்தான் தெரிஞ்சுது." பெனாசிர் குரலைத் தாழ்த்தினாள். "இதை வெளிய சொல்லிடாதீங்."

கோகிலவாணியிடம் போய் அப்படிச் சொன்னால் என்ன ஆகும்? அன்று சாயங்காலம் அவள் ஏழு தளத்தையும் இன்னொரு முறை சுற்றினாள். இதுவரை யார் இருக்கிறார்கள் என்று பார்த்தவள், இந்த முறை யார் இல்லை என்று பார்த்தாள். மூன்றாம் தளத்தில் தீபாவளிப் பக்கத்திலிருந்து மச்சினர் மாயமாகியிருந்தார். ஆறாம் தளத்தில் நாய் வளர்ந்திருந்தது, மருமகள் சிறுத்திருந்தாள். ஹேமலதாவின் பக்கத்தில் ரோஜாக்கள் மட்டும் இருந்தன. கோகிலவாணிக்கு இரண்டு நாள் சோறே இறங்கவில்லை, சொல்லவேண்டியது அவ்வளவு இருந்தது. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்ற முன்னுரையோடு ஒவ்வொருவரிடமும் சொன்னாள்.

ஒரு வாரத்தில் குடியிருப்பு தலைகீழானது. சிலர் பலகைக்குத் துணி போட்டு மூடினார்கள். மூடியவர்கள் வீட்டில் என்னவோ இருக்கிறது என்று மற்றவர்கள் பேசினார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்து துணியை எடுத்தார்கள். ஆண்கள் வேலைக்குக் கிளம்புமுன் மனைவியின் உருவத்தைக் கண் கொட்டாமல் பார்த்துவிட்டுப் போனார்கள், கண்ணில் தண்ணீர் வழிய. பலகை அதையும் கணக்கில் எடுத்து, அந்த மனைவியை இன்னும் தள்ளி வைத்தது. ஆறாம் தளத்து மருமகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது கோகிலவாணியைப் பார்த்த பார்வையைப் பலகை பார்த்திருந்தால் கோகிலவாணி அந்த நிமிஷமே காணாமல் போயிருப்பாள். அந்தப் பார்வை அவளுக்கு உறைத்ததுதான். ஆனால் அவளுக்கு அவள் வீட்டுக் கவலை.

பெனாசிரிடம் மறுபடி போனாள். திட்டு வாங்கினாள். வாங்கி முடித்துவிட்டுக் கேட்டாள்.

"யார் கண்ணுன்னு பலகை சொல்லுமா?"

"சொல்லாதுங்க. யாரு எவருன்னு அது வெச்சுக்கறதில்ல. மொத்தமா முன்னாடி நின்ன கண்ணுன்னுதான் அதுக்கு."

"எனக்குத் தெரிஞ்சாகோணும் கண்ணு. தை பொறந்தா எனக்கு ஊடு இல்ல."

பெனாசிர் அதே காதுகுத்துப் பக்கத்தைப் புதிதாக இன்னொன்று செய்து கொடுத்தாள். எல்லாரும் முதல்நாள் நின்ற இடத்திலேயே. மாதக் கணக்கில் செய்வதைப் பலகை இதில் நிமிஷத்தில் செய்யும்படி மாற்றியிருந்தாள். ஒவ்வொருவராகத் தனியே நிற்க வைக்க வேண்டும், என்ன நகர்கிறது என்று பார்க்க வேண்டும், பிறகு கீழ் மூலையில் யார் விரல் வைத்தாலும் எல்லாரும் பழைய இடத்துக்கு வந்துவிடுவார்கள்.

"பாத்துட்டு என்ன செய்யப் போறீங்க்கா?" என்றாள் பெனாசிர்.

கோகிலவாணி அவ்வளவு தூரம் யோசிக்கவில்லை. பார்ப்பதோடு வேலை முடிந்தது என்று இருந்தே பழகிவிட்டாள்.

சனிக்கிழமை. சரவணம்பட்டி ஹால். புதுப் பக்கத்தைப் பலகையில் ஏற்றியதும் முதலில் மாப்பிள்ளையைக் கூப்பிட்டாள். நவநீதன் அதிர்ந்து பேசாத ஆள், கூப்பிட்ட குரலுக்கு வருகிறவர். வடவள்ளியில் அவரைப் பற்றி ஒரு குறைகூடச் சொல்ல முடியாததே கோகிலவாணிக்கு ஒரு குறை. "மாப்ளே, புதுசாப் போட்டிருக்குது, எல்லாரும் தெளிவாத் தெரியறாங்களான்னு பாருங்" என்றாள். அவர் கை கட்டிக்கொண்டு பார்த்தார். பனிமலர் கொஞ்சம் பெரிதானாள். கோகிலவாணி நின்ற இடத்திலேயே நின்றாள். நன்றாக இருக்கிறது அத்தை என்று சொல்லிவிட்டு அவர் பால்கனிக்குப் போனார்.

பனிமலரை நாற்காலியில் ஏற்றி நிறுத்தினாள். அது தன் அழுகிற முகத்தை மட்டும் பார்த்தது. அந்த முகம் பலகை முழுக்க வீங்கியதும் பயந்து நிஜமாகவே அழுதது. மூலையில் விரல் வைத்து அடக்கினாள்.

சஹானாவைக் கூப்பிடவில்லை. பத்து மாதம் சுமந்தவளுக்கு அந்தக் கண்ணைச் சோதிக்க வேண்டுமா? தவிர, அவள் அறைக்குள் ஏதோ மீட்டிங்கில் இருந்தாள்.

எஞ்சியது சோபா. "சம்பந்தி, சித்த எந்திரிச்சு வந்து இதைப் பாருங்" என்று தேனொழுகக் கூப்பிட்டுவிட்டு, கோகிலவாணி ஒதுங்கி நின்றாள். வசந்தாமணி முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பார்த்தாள். பலகை அசைந்தது. பிடிபட்டாள் சம்பந்தி என்று கோகிலவாணி ஒரு அடி முன்னால் வந்தாள்.

பலகையில் கோகிலவாணியின் உருவம் பெரிதாகிக்கொண்டே வந்தது. பெரிதாகி, வசந்தாமணியின் உருவத்தோடு தோளுரசி நின்றது.

"அந்தப் பட்டு எங்க எடுத்தீங்க சம்பந்தி?" என்றாள் வசந்தாமணி, கண்ணை எடுக்காமல். "அன்னைக்கே கேக்கோணும்னு இருந்தனுங். பாடருக்கும் ஒடம்புக்கும் என்ன பொருத்தம் பாருங். நீங்க வந்துட்டா ஒண்ணாப் போய் எனக்கும் ஒண்ணு எடுக்கோணும். இந்த ஊட்ல பேசறதுக்கு ஒரு ஆளு இல்லீங்."

கோகிலவாணிக்குப் பெரிய ஏமாற்றம். எதிரி என்று இத்தனை மாதம் பாதுகாத்து வைத்திருந்த ஆள், ஒரு நிமிஷத்தில் கையை விட்டுப் போனாள். சோபாவுக்குத் திரும்புகிறவளைப் பார்த்தபடி மூலையில் விரல் வைத்தாள். அப்படியானால் யார்? பெனாசிர் செய்து கொடுத்ததிலேயே கோளாறா? பலகைக்கு நேரே போய் நின்று, ஒவ்வொருவராக அலச ஆரம்பித்தாள். கொழுந்தனார் மகனின் காதோர நரை. சஹானாவின் ஜிமிக்கி. மாப்பிள்ளையின் வேட்டிக் கரை. வசந்தாமணியின் வளையல், அதில் எது கவரிங் என்று. எல்லாவற்றிலும் கண் நின்று நிதானமாகத் தடவியது. நடுவில் ஒரு இடம் வரும்போது மட்டும் தாண்டியது.

நடுவில் நின்ற உருவம் நகர்ந்தது.

விரல் வைத்தாள். பழைய இடத்துக்கு வந்தது. மறுபடி பார்த்தாள். மறுபடி நகர்ந்தது. இந்த முறை வேண்டுமென்றே, வலுக்கட்டாயமாக, தன் முகத்தையே பார்த்தாள். தட்டு ஏந்திய பெண்கள், குங்குமம், மஞ்சள், மல்லிகை, அத்தனைக்கும் நடுவில் பொட்டில்லாத ஒரு நெற்றி. குழந்தைக்குக் காது குத்துகிற நேரத்தில் முன்னால் வந்து நிற்கிறாளே, கொஞ்சமாவது கூச்சம் இருக்கிறதா இந்தப் பொம்பளைக்கு? பலகையில் அந்த உருவம் கிட்டத்தட்ட ஓடியது, வாழைக்குப் பின்னால்.

இந்த வீட்டில் பலகையை வாரந்தவறாமல் நின்று பார்த்தவள் அவள் ஒருத்திதான். மற்றவர்களுக்கு அது வெறும் சுவர்.

அறைக் கதவு திறந்தது. மீட்டிங் முடிந்து வந்த சஹானா, பலகையைப் பார்த்தவுடன் நின்றாள். பலகை எப்படி வேலை செய்கிறது, சோதிக்க என்ன கொண்டுவரப் போகிறாள் என்றெல்லாம் போன வாரமே அம்மா அவளிடம் புலம்பித் தீர்த்திருந்தாள்.

"யாரு நின்னது இப்ப?"

பதில் சோபாவிலிருந்து வந்தது.

"நாந்தான் கண்ணு நின்னேன்" என்றாள் வசந்தாமணி. அங்கே உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். "என்ற கண்ணுதான் சரியில்லையாட்ட இருக்குது."

சஹானாவின் முகம் இறுகியது. மாமியாரிடம் அவள் அந்தக் குரலில் பேசி கோகிலவாணி கேட்டதில்லை. "எங்கம்மா இங்க வர்றது புடிக்கலீன்னா நேராச் சொல்லியிருக்கலாமே அத்தை. இத்தன நாளா மொகத்துக்கு நேரா சிரிச்சுட்டு..."

வசந்தாமணி மறுக்கவில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டு குனிந்திருந்தாள். கோகிலவாணிக்குக் கணக்கு புரிந்தது. இப்போது வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். மகள் முழுக்கத் தன் பக்கம். தை பிறந்து வரும்போது சமையலறை, ஹால், சோபா, எல்லாம் தன் கைக்கு வரும். இந்த அம்மாள் பல்லடத்துத் தோப்புக்கே போனாலும் போகும். வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான். வாழ்க்கையில் அந்த ஒன்றைத்தான் அவள் செய்து பழகவில்லை.

"உங்கத்தை பொய் சொல்றாங்க கண்ணு" என்றாள். "நின்னது நாந்தான். இத்தன மாசமா நின்னதும் நாந்தான்."

சஹானா அம்மாவின் பக்கம் திரும்பினாள். "உன்னையே உனக்குப் பாக்க முடியலையாம்மா?"

"அத்தன பொட்டுக்கு நடுவுல... நீ இழுத்துட்டுப் போயிருக்கக்கூடாது."

சஹானா வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றுகொண்டாள். வசந்தாமணியும் எழுந்து வந்து மறுபக்கம் நின்று, மூலையில் விரல் வைத்தாள். எல்லாரும் அவரவர் இடத்துக்குத் திரும்பினார்கள்.

"இப்பப் பாருங் சம்பந்தி. உங்களைன்னு பாக்காதீங். வடவள்ளியில லிஃப்ட்டுல ஏறி வர்ற யாரோ ஒரு பொம்பளைன்னு வெச்சுக்கங். எப்படி இருக்கறா? சொல்லுங்."

கோகிலவாணி பார்த்தாள். கண் விலகத் துடித்தது. உருவம் லேசாக ஆடியது.

"ரவிக்கை கை இறுக்கம்" என்றாள் கடைசியில். "போன வருசத்து அளவு. இளைச்சுட்டதா நெனப்பு அவளுக்கு."

"அப்பறம்?"

"தலைக்குச் சாயம் அடிச்சிருக்கறா, வகிட்டுல விட்டுப்போச்சு. அவசரக்காரி. பந்தியில வடையைத் தின்னுட்டு அப்படியே வந்து நின்னிருக்கறா, ஒதட்டோரம் பாரு." பேசப் பேசக் குரலில் பழைய சுருதி ஏறியது. "கழுத்துல அந்தச் சங்கிலி நாத்தனார்கிட்ட வாங்கிப் போட்டது, திருப்பிக் குடுத்தாளோ என்னவோ. ஆனா நிக்கறதைப் பாரேன். ஊட்டுக்கே அவதான் பெரியவளாட்ட நிக்கறா."

"அவதானுங்களே பெரியவ" என்றாள் வசந்தாமணி.

உருவம் நகரவில்லை. நின்ற இடத்தில் நின்றது. பிறகு நூலளவு முன்னால் வந்தது. மூன்று பெண்களும் சிரித்தார்கள். சஹானா அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்தப் பக்கத்தை முதன்முறையாக முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோகிலவாணி இன்னும் இரண்டு குறை கண்டுபிடித்துச் சொன்னாள். நாத்தனார் சங்கிலிக்கு வசந்தாமணி ஒரு குறுக்குக் கேள்வி கேட்டாள். கேட்டவள் பாதியில் நிறுத்தினாள்.

கோகிலவாணி அவள் பார்க்கிற இடத்தைப் பார்த்தாள்.

சஹானாவின் உருவத்துக்குப் பக்கத்தில் நவநீதன் இல்லை. ஓரத்தில் இருந்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேட்டி வாழைக்குப் பின்னால் மறைந்தது, பிறகு தோள். கோகிலவாணி தனியாக நின்றபோது மாப்பிள்ளை அசையவில்லை. வசந்தாமணி நின்றபோதும் அசையவில்லை. புதிதாக வந்து சேர்ந்த கண் ஒரு ஜோடிதான். அந்தக் கண்ணுக்கு உரியவள் தோளில் சாய்ந்து, ரவிக்கைக் கையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதுவும் தெரியவில்லை.

பால்கனிக் கதவு நகர்கிற சத்தம் கேட்டது.

இரண்டு சம்பந்திகளின் கையும் ஒரே சமயத்தில் பலகையின் மூலைக்குப் போய், ஒன்றன்மேல் ஒன்று பட்டது. வாழைக்குப் பின்னாலிருந்து நவநீதன் வெளியே வந்து, சஹானாவின் பக்கத்தில், சிரித்த முகமாக நின்றார்.

"என்னங்க அத்தை, ஒரே சிரிப்பு?" என்றபடி ஹாலுக்குள் வந்தார் நவநீதன். தோளிலிருந்து தலையை எடுத்துக்கொண்டு, காப்பி வைக்கிறேன் என்று சஹானா உள்ளே போனாள். அவர் நின்ற பக்கமாகப் போகவில்லை. டைனிங் டேபிளைச் சுற்றிக்கொண்டு போனாள். இந்த வீட்டுக்கு எத்தனையோ சனிக்கிழமை வந்து, எத்தனையோ காப்பி குடித்த கோகிலவாணி அதை இன்றைக்குத்தான் பார்த்தாள்.

மருதம் ரெசிடென்சியின் ஏழு தளத்துக்கும் போதுமான ஒரு செய்தி கையில் இருந்தது. அதை விழுங்கினாள்.

"ஒண்ணுமில்லீங் மாப்ளே" என்றாள். "தை வரைக்கும் அங்க தனியா உக்காந்துட்டு என்ன பண்றதுன்னு சம்பந்தி கேட்டாங்க. வர்ற புதன்கிழமையே பொட்டியோட வந்தர்றேன்னு சொல்லிட்டிருந்தேன்."

வசந்தாமணி மகன் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு பலகையைப் பார்த்தாள்.

"புதன் வரைக்கும் எதுக்குங்" என்றாள். "நாளைக்கே வந்துருங்."